நாத்து சாஞ்ச பக்கம்

ஊதாவா வெள்ளையா, வெள்ளையா ஊதாவா, இதோட நாலாவது வாட்டி வந்து நிக்கிறேன். லைட்டுக் கடை ரவூப் பாய் என்னைப் பாத்ததுமே ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டாரு. "வாங்க ஈபி சார், பொண்ணு பாக்க வர்றவுக மாதிரி வந்து வந்து போறீங்க, சொஜ்ஜி பஜ்ஜிதான் பாக்கி." சிரிக்கிறாரு. நானும் சிரிச்சு வைக்கிறேன். சிரிக்கட்டும், மின்வாரியத்துல முப்பத்தோரு வருசமா மீட்டர் ரீடிங் எடுக்கிறவனுக்கு ஒரு லைட்டு எடுக்கத் தெரியலைன்னா கழுதை கூடச் சிரிக்கும். இந்த மேலமாசி வீதியில பாதிக் கடை மீட்டரு என் கண்ணுல பட்டதுதான். கதவுல ஒரு தட்டு, "ஈபி"ன்னு ஒரு சத்தம், மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு ஒட்டடையை விலக்கி நம்பரைப் பாத்தா பாத்ததுதான், ரெண்டாவது தரம் பாக்கிற பழக்கமே கிடையாது. அப்பேர்ப்பட்ட சௌந்தரபாண்டி இப்ப மூணு லைட்டுக்கு முன்னால திருவிழாவுல தொலைஞ்ச புள்ளை மாதிரி முழிக்கிறேன். பாய் மூணையும் மேசை மேல வரிசையா வச்சு ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டுறாரு. மொத லைட்டு ஊதா, சிவப்பும் நீலமுமாப் பொட்டுப் பொட்டா இருக்கு, போட்டதும் கடையே நாடகக் கொட்டகை மாதிரி ஆகி, பாயோட வெள்ளைத் தாடி கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருச்சு. ரெண்டாவது ஒரு சதுரப் பலகை, இளமஞ்சளா, அப்படியே காலை வெயில் மாதிரி. அதைப் போட்டதும் நான் ஒரு அடி பின்னால போயிட்டேன். ஏன் போனேன்னு பாய்க்குத் தெரியாது. மூணாவது சும்மா வெள்ளை எல்ஈடி பட்டி, நாலடி நீளம். இந்த மூணுல ஒண்ணை இன்னைக்கு எடுத்தாகணும். இன்னைக்கும் வெறுங்கையோட போனா பாக்கியம் ஒண்ணும் சொல்ல மாட்டா. சண்டை போட்டாக் கூடப் பரவாயில்லை, அவ ஒண்ணுமே சொல்ல மாட்டா.

பாக்கியம் என் பொண்டாட்டி. வெயில் ஆகாத நோய் அவளுக்கு, லூபஸ்னு பேரு, நாய்க்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கேன்னு மொதல்ல கேட்டப்ப நெனச்சேன். வெயில் பட்டா தோலு செவக்கும், செவக்கிறதோட விட்டாத் தேவலை, உள்ளுக்குள்ள மூட்டு, கிட்னின்னு ஒவ்வொண்ணாப் போய்க் கைவைக்கும். பத்து மாசமாச்சு. வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணியில ரெட்டைத் திரை தச்சு மாட்டியாச்சு, பழைய டியூப் லைட்டும் கொஞ்சம் ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாகன்னு அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டிக் கடாசிட்டு எல்ஈடி மாட்டினேன், மத்தியானம் பன்னெண்டு மணிக்கும் வீட்டுக்குள்ள லைட்டு எரியும். மொட்டை மாடியில அவ வச்சிருந்த நாப்பது தொட்டியும் எதுத்த வீட்டு ஜெசிந்தா டீச்சருக்குப் போச்சு. தொட்டிக படியில எறங்கிப் போறதை ஹால்ல நாற்காலியில உக்காந்து பாத்தா, அழுகலை, "அந்தக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில தட்டு வைக்கச் சொல்லுங்க, தண்ணி ஒழுகும்"னு மட்டும் சொன்னா. அதுக்கப்புறம் என்கிட்ட அது வேணும் இது வேணும்னு வாயைத் தொறந்து கேட்டதே இல்லை. மாத்திரையை முழுங்குவா, டிவி ஓடும், பாக்க மாட்டா. அப்படி இருந்தவ தை மாசக் கடைசியில ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே கேட்டா. "என்னங்க, மாடி வேணாம், செடி வேணாம். விதை வச்சிருக்கேன், நாத்து மட்டும் நான் விட்டுத் தர்றேன், டீச்சர் அவுக மாடியில நட்டுக்கட்டும். வீட்டுக்குள்ளயே நாத்து விடுறதுக்கு லைட்டு இருக்காம்ல, அது ஒண்ணு வாங்கித் தாங்க." பத்து மாசத்துல அவ கேட்ட மொத சாமான். "நாளைக்கே வாங்கிர்றேன்"னு சொன்னேன். அவ அந்த வார்த்தையை நம்பி மறுநாளே பன்னெண்டு தயிர் டப்பாவுக்கு அடியில ஊசியைக் காச்சி ஓட்டை போட்டு, தென்னை நார்த்தூளை நிரப்பி, கத்தரி விதையைப் போட்டுட்டா. விதை என்ன என்னை மாதிரியா, ஏழாம் நாள் முளைச்சிருச்சு. முளைச்சு இன்னைக்குப் பதினோரு நாள். லைட்டு இன்னும் கடையில இருக்கு.

"பாய், இந்தப் பலகையில யூவி இருக்கா?" "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க, இதுல எல்லாம் இருக்கு, ஃபுல் செட்டு, யூவி, ஐஆர், இங்க பாருங்க இந்த நாலு மூலையிலயும் தனியாப் பொட்டு இருக்கு பாருங்க, அதுதான் யூவி. நாட்டுல இதுதான் சார் டாப்பு." பெருமையாச் சொல்றாரு பாவம். அவருக்கு எல்லாம் இருக்கிறதுதான் நல்ல சாமான். எனக்கு அந்த நாலு பொட்டைப் பாத்தா நாலு பாம்புக்குட்டி மூலைக்கு ஒண்ணாச் சுருண்டு கெடக்கிற மாதிரி இருக்கு. வெயில்ல இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அந்த யூவிக் கதிருதான் அவளுக்கு எமன். டாக்டரம்மா தாளுல எழுதி அடியில ரெண்டு கோடு போட்டுக் குடுத்தாக. அப்ப இது ஒழிஞ்சது, பாய் இதை எடுத்து உள்ள வைங்கன்னு சொல்லணும், சொல்லலை. ஏன் சொல்லலை? ஒருவேளை நாத்துக்கு அதுவும் கொஞ்சம் வேணுமோ, அது இல்லாம வளத்தா வெளிய கொண்டுபோனதும் சுருண்டு செத்துருமோ, செத்தா அவ முகம் என்னத்துக்கு ஆகும்? போன்ல ஒருத்தர் வீடியோ போடுறாரு, தாம்பரம் பக்கம் போலருக்கு, வாயைத் தொறந்தா செவப்பு தண்டுக்கு, நீலம் இலைக்குன்னு மந்திரம் மாதிரி சொல்றாரு. இன்னொருத்தர் அதெல்லாம் சும்மா ஏமாத்து, வெள்ளையே போதும்ங்கிறாரு. ஒருத்தர் ஒரு அடி உசரத்துல கட்டுங்கிறாரு, ஒருத்தர் அரை அடிங்கிறாரு, பன்னெண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம். எல்லாத்தையும் தாளுல எழுதி வச்சிருக்கேன், தாளு சட்டைப் பையிலயே கெடந்து வேர்வையில மங்கிப்போச்சு. ஊதாவுல யூவி இருக்கா? "ஊதாவுல தெரியலை சார், டப்பாவுல போடலை." தெரியலை. போடலைன்னா இல்லைன்னு அர்த்தமா, போடலைன்னு அர்த்தமா? நாத்துக்கு மேல கட்டுற லைட்டு நாத்தோட நிக்குமா, அவ நாத்துக்குப் பக்கத்துலயே பாயை விரிச்சு உக்காருவா, எனக்குத் தெரியாதா என் பொண்டாட்டியை, கன்னத்தை டப்பாவுக்குப் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா எண்ணுவா. நாத்துக்கு விழற வெளிச்சம் அவ கன்னத்துலயும் விழும். அந்தக் கன்னத்துல.

போன வருசம் தை மாசம் அவ சொன்னா, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க, காலையில எந்திரிச்சா விரலை மடக்க முடியலை." நான் என்ன செஞ்சேன்? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேனா? நான்தான் பெரிய டாக்டராச்சே. "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா விரல் எப்படி மடங்கும், என்னைப் பாரு, முப்பது வருசமா வெயில்ல தெருத் தெருவா அலையுறேன், ஒரு தலைவலி காச்சல்னு படுத்திருக்கேனா, வெயில்தான்டி மருந்து"ன்னேன். எங்க ஆபீஸ் குரூப்புல வேற எவனோ காலை வெயிலோட மகிமைன்னு ஒண்ணு அனுப்பிச்சிருந்தான், அதையும் வாசிச்சுக் காட்டினேன். மறுநாள்ல இருந்து மொட்டை மாடியில நாற்காலி போட்டேன், நிழல் விழாத இடமாப் பாத்து நானே போட்டேன், தண்ணித்தொட்டி நிழல் வந்தா நாற்காலியை நகத்திப் போடுவேன். மொத நாள் ஏழரையில இருந்து எட்டு. அப்புறம் எட்டரை. அப்புறம் ஒம்பதரை. கையில கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன், மீட்டர் பாக்கிறவன் பாருங்க, குறைஞ்சிரக் கூடாதுல்ல. இருவத்திரெண்டு நாள். ஒரு நாள் கூட அவ மாட்டேன்னு சொல்லலை. ஒரு நாள் முந்தானையை எடுத்துத் தலையில போட்டா, "எடு எடு, முகத்துல படணும்"னு நான்தான் எடுத்து விட்டேன், இந்தக் கையால. பதினஞ்சாம் நாளோ பதினாறாம் நாளோ, மூக்குத்தண்டு மேலயும் ரெண்டு கன்னத்துலயும் செவசெவன்னு செவந்து வந்துச்சு. அதைப் பாத்துட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா, கண்ணாடியை எடுத்துட்டு வந்து அவ மூஞ்சிக்கு நேரே பிடிச்சு, "பாத்தியா, ரத்தம் ஊறுது பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்ட"ன்னேன். ஜெசிந்தா டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீச்சர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எரியுதா பாக்கியம்?"னு கேட்டாக. இவ "அதெல்லாம் இல்லை டீச்சர்"னு சிரிச்சா. சனியன் பிடிச்ச கண்ணாடி, இன்னும் குளியலறைச் சுவத்துல தொங்குது, நான் அதுல பாத்துத்தான் ஷேவ் பண்றேன்.

"சார், டீ சொல்லவா?" "வேணாம் பாய்." வேணாம்னு சொன்னாலும் எதிர்க்கடைக்கு ரெண்டு விரலைக் காட்டிட்டாரு. நல்ல மனுசன். அவருகிட்ட முழுசாச் சொன்னா நிமிசத்துல எடுத்துக் குடுத்துருவாரு, வீட்டுல இப்படி ஒரு நோயாளி இருக்கு பாய், அவளுக்கு ஆகாத வெளிச்சம் எதுலயும் இருக்கக் கூடாதுன்னு ஒரு வாக்கியம். நாலு தடவை வந்தும் அந்த ஒரு வாக்கியம் வாயில வரலை. ஏன்னா அது ஒரு வாக்கியத்தோட நிக்காது, எப்ப வந்துச்சு எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு, எல்லாரும் கேக்கிறாக, ஒவ்வொருத்தருக்கும் நான் "திடீர்னு வந்துச்சு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். டாக்டரம்மா கேட்டாக. காலு வீங்கி, ஒண்ணுக்குப் போனா நுரையா வருதுன்னு கடைசியில கூட்டிட்டு ஓடுனப்ப கேட்டாக, ரிப்போர்ட்டை மடக்கி வச்சுட்டு, "நோய் முன்னாடியே உள்ள இருந்திருக்கும்மா, ஆனா திடீர்னு இப்படிக் கிளம்பியிருக்கே, வெயில்ல ரொம்ப நின்னீங்களா?" நான் பாக்கியத்தைப் பாக்கலை. சுவத்துல ஒரு காலண்டர் இருந்துச்சு, அதைப் பாத்தேன், அன்னைக்குத் தேய்பிறை சஷ்டி, இன்னும் ஞாபகம் இருக்கு. பாக்கியம் சொன்னா, "இல்லை டாக்டர், துணி காயப்போட மாடிக்குப் போவேன், அம்புட்டுதான்." அம்புட்டுதான். நாப்பது கிலோ பொம்பளை என்னைத் தூக்கி முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டா. நான் அப்ப வாயைத் தொறந்திருக்கணும். "இல்லை டாக்டர், நான்தான் கொண்டுபோய் உக்கார வச்சேன்"னு சொல்லியிருக்கணும். சொன்னா என்ன, தூக்குலயா போடப்போறாக? ஆட்டோவுல சொல்லியிருக்கலாம். வீட்டுல சொல்லியிருக்கலாம். பத்து மாசம் ஆச்சு, அவளும் எடுக்கலை, நானும் எடுக்கலை, ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த நாற்காலி கெடக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாக, எனக்கு அந்தப் பழமொழி தலைகீழா நடந்துச்சு, நமஸ்காரம் பண்ணித்தான் நான் கெடுத்தேன்.

டீ வந்துருச்சு. குடிக்கிறேன், நாக்கைச் சுட்டுக்கிட்டேன். சூடு கண்ட பூனை. பாய் வேற யாருக்கோ ஒயர் அளந்து குடுக்கிறாரு, அந்தச் சந்துல நான் சட்டையை முழங்கை வரைக்கும் சுருட்டி கையை மஞ்சள் பலகைக்கு அடியில நீட்டுறேன். போன வாட்டியும் இதையேதான் செஞ்சேன். சூடு இருக்கா? லேசா. எரியுதா? இல்லை. எனக்கு எப்படி எரியும், என் தோலு எருமைத்தோலு, சித்திரை வெயில்ல கூடத் தொப்பி போடாதவன். என் தோலை வச்சு அவ தோலை அளந்துதான் இந்தக் கதிக்கு வந்தோம், மறுபடியும் அதே கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், புத்தி வருதா பாரு. எடுத்துட்டேன். வெள்ளைக்கு அடியில வைக்கிறேன். ஒண்ணும் தெரியலை. "அதுல ஒண்ணும் இல்லை சார்," பாய் திரும்பிப் பாக்காமலே சொல்றாரு, "சும்மா வெள்ளை லைட்டு, வீட்டுல எரியுற அதே சரக்குதான், வெளிச்சம் கொஞ்சம் கூட. யூவி கீவி எதுவும் கிடையாது. நாத்துக்கு இது போதும்தான், ஆனா நீங்க இம்புட்டு யோசிக்கிற ஆளு, பெருசா எடுப்பீங்கன்னு நெனச்சேன்." ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லாததை வாங்கிட்டுப் போய் நாத்து நூலா நீண்டு விழுந்துட்டா? ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு. காலையில பாத்தேன். பன்னெண்டு டப்பாவுலயும் ரெண்டு ரெண்டு இலையோட வெளுத்து, மெலிஞ்சு, பன்னெண்டும் ஒரே பக்கமாச் சாஞ்சு நின்னுச்சு, பள்ளிக்கூடத்துல புள்ளைக எல்லாம் வாசலையே பாத்துக்கிட்டு இருக்குமே அப்படி. கிழக்கு ஜன்னல் பக்கம். சீக்கு, தெம்பில்லை, அதான் சாயுதுன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கு கண்டிப்பா லைட்டோட வர்றேன்னேன். அவ தலையாட்டினா. அவ கையைப் பாத்தேன், வலது புறங்கையில ரூவா அளவுக்கு செவப்பு, "என்னது?"ன்னேன். "கடுகு தெறிச்சிருச்சு." "எத்தனை வாட்டி சொல்றது, மூடி வச்சுத் தாளின்னு?" திட்டிட்டு தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவி விட்டேன். கையை இழுத்துக்கப் பாத்தா, கூச்சப்படுறான்னு நெனச்சேன். ஊதாவா வெள்ளையா. அரை அடியா ஒரு அடியா. சுத்தி அட்டைப்பெட்டி வச்சு, உள்பக்கம் வெள்ளிப் பேப்பர் ஒட்டி, முன்னால மட்டும் சின்னதாக் கதவு மாதிரி வெட்டினா வெளிச்சம் வெளிய வராது. ஆனா அவளுக்கு உள்ள தெரியாதே, அவ பாக்கத்தானே கேட்டா, பெட்டிக்குள்ள பூட்டி வைக்கவா கேட்டா?

போன் அடிக்குது. பாக்கியம். மணி பத்தேகால். "என்னங்க, வாங்கிட்டீங்களா?" "பாத்துக்கிட்டு இருக்கேன்." "இன்னுமா?" சத்தம் உசரலை, ஆனா அந்த இன்னுமாவுல ஒரு சலிப்பு இருந்துச்சு, பத்து மாசத்துல மொத தடவை. எனக்கு அது கொஞ்சம் சந்தோசமாக் கூட இருந்துச்சு, கோவப்படுறா, உசுரு இருக்கு. "இல்லம்மா, ஒண்ணுல யூவி இருக்கு, ஒண்ணுல இருக்கா இல்லையான்னு தெரியலை, ஒண்ணுல ஒண்ணுமே இல்லை, அதான்." "எதையாச்சும் எடுத்துட்டு வாங்க. இதுக தாங்காதுங்க. நீங்க போனதும் டப்பாவை எல்லாம் திருப்பித் திருப்பி வச்சேன், அதுக்குள்ள மறுபடி ஜன்னல் பக்கமே சாயுதுக, மெழுகு மாதிரி." "சரி, சரி, வர்றேன்." வச்சிரலாம்னு விரல் போயிருச்சு. போன விரல் அப்படியே நின்னுச்சு. ஜன்னல் பக்கம். ஜன்னல்ல என்ன இருக்கு? ரெட்டைத் துணி, நானே அளந்து தச்சது, ஊசி நுழையுற வெளிச்சம் வராது, வந்தா நான் விட்டிருப்பேனா? வீட்டு லைட்டு எதிர்ச்சுவத்துல எரியுது, இருட்டுப் பக்கம் நாத்து எதைப் பாத்துச் சாயும்? சாயுறதுக்கு ஒரு வெளிச்சம் வேணும்ல. பன்னெண்டும் ஒரே பக்கம். ஒரு சீக்குச் செடி இந்தப் பக்கம் விழும், ஒரு சீக்குச் செடி அந்தப் பக்கம் விழும், பன்னெண்டும் பேசி வச்ச மாதிரி ஒரே பக்கமா விழுமா? காலையில என் கண்ணு முன்னால நின்னுச்சு, நம்பரைப் பாத்தாப் பாத்ததுதான்னு பீத்திக்கிறவன், பாத்துட்டு வந்துட்டேன். "பாக்கியம்." "ம்." "திரையைத் தொறக்குறியா?"

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுறது கேக்குது. "பாக்கியம், கேக்குதா?" "கொஞ்சம்தாங்க," அவ குரலு சின்னதாகிப் போச்சு, "ஒரு சாண்தான். நீங்க டூட்டிக்குப் போனப்புறம் தொறப்பேன், வெயில் உள்ள வந்து தரையில ஒரு கோடு மாதிரி விழும், டப்பாவை அந்தக் கோட்டுல வைப்பேன், கோடு நகர நகர நகத்தி வைப்பேன். நான் இருட்டுலதான் உக்காந்திருப்பேன், சத்தியமா. நகத்துறதுக்குக் கையை மட்டும்தான் நீட்டுவேன்." கையை மட்டும். நான் நிழலு வர வர நாற்காலியை நகத்தினேன், அவ வெயிலு போகப் போக டப்பாவை நகத்தியிருக்கா. "எத்தனை நாளா?" "முளைச்சதுல இருந்து." பதினோரு நாள். நான் இந்தக் கடையில ஊதாவா வெள்ளையான்னு ஒரு பொட்டு வெயில் அவ மேல பட்டுறக் கூடாதுன்னு பயந்து பயந்து திரும்பிப் போன பதினோரு நாள். "அந்தக் கை, கடுகு..." "கடுகு இல்லைங்க." மறுபடியும் செவப்பைப் பாத்தேன், மறுபடியும் வேற என்னமோன்னு நெனச்சேன், மறுபடியும் இந்தக் கையாலயே எண்ணெய் தடவிவிட்டு வந்துட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ணுன, டாக்டர் என்ன சொன்னாக, உனக்கு அறிவிருக்கா?" கடைன்னும் பாக்காமக் கத்திட்டேன், பாய் ஒயரை விட்டுட்டு நிமிந்து பாக்கிறாரு. "நீங்க எத்தனை நாளுதாங்க லைட்டு பாப்பீங்க?" அவ அழுகுறா. "அதுக பச்சப்புள்ளைக, முளைச்சு வந்து வெளிச்சம் எங்கன்னு தேடுதுக, நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு நான் எத்தனை நாள் சொல்ல முடியும்?"

"மொதல்ல திரையை மூடு." "மூடிர்றேன்." "இப்ப மூடு. போனைக் கையில வச்சுக்கிட்டே மூடு, எனக்குச் சத்தம் கேக்கணும்." நடக்குறா. கம்பியில வளையம் ஓடுற சத்தம் சரசரன்னு கேட்டுச்சு, முழுசாக் கேட்டுச்சு, அந்தக் கடைசி வளையம் சுவத்துல இடிக்கிறது வரைக்கும். அவ இருட்டுல நிக்கிறா. நான் கடையில மூணு லைட்டு வெளிச்சத்துல நிக்கிறேன். இப்ப சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு, வாயி தானாத் தொறந்துச்சு. "பாக்கியம், அன்னைக்கு டாக்டர்ட்ட துணி காயப்போடன்னு சொன்னியே." போனைக் காதோட அழுத்திக்கிட்டேன். "நான்தானம்மா உக்கார வச்சேன். நாற்காலியை நகத்தி நகத்தி நான்தான் வச்சேன். தலையில போட்ட முந்தானையைக் கூட நான்தான் எடுத்தேன். அதை நான் அங்க சொல்லலை. காலண்டரைப் பாத்துக்கிட்டு நின்னேன்." பாய் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு, இருக்கட்டும். மஞ்சள் பலகையோட சுவிச்சை அவரே எட்டி அணைச்சாரு. அப்புறம்தான் பாக்கியம் பேசினா. "எனக்கு அப்பவே எரிஞ்சுச்சுங்க. நீங்க கண்ணாடியைக் கொண்டாந்து காட்டினீங்கள்ல, அன்னைக்கு மூஞ்சியெல்லாம் மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி எரிஞ்சுச்சு. டீச்சர் கேட்டப்ப சொல்லியிருப்பேன். ஆனா கல்யாணப் பொண்ணு மாதிரின்னு சொல்லிட்டு நீங்க அம்புட்டு சந்தோசமா நின்னீங்க. எப்படிச் சொல்றது?" டீ டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டேன். இந்தப் பொம்பளை என் சந்தோசத்துக்கு மூஞ்சியைக் குடுத்திருக்கா, நாத்துக்குக் கையைக் குடுத்திருக்கா. "இனிமே எரிஞ்சாச் சொல்லணும்," நான் சொன்னேன், "நான் சந்தோசமா இருந்தாலும் சொல்லணும், சாமி மேல சத்தியம் பண்ணு." "சொல்றேன்." மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "நெசமாச் சொல்வியா?" "சொல்றேங்க." அப்புறம் அவ சொன்னா, "இப்ப எரியுதுங்க."

"ஈரத்துணியைச் சுத்திக்க, டாக்டரம்மாவுக்கு நான் போன் போட்டுட்டே வர்றேன், உடம்பை மூடிப் போத்திக்கிட்டுக் கெளம்பி இரு"ன்னுட்டு எந்திரிச்சேன். பாய் ஒண்ணும் கேக்கலை, மூணு லைட்டையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. "பாய், அந்த ஒண்ணும் இல்லாத லைட்டைக் கட்டிக் குடுங்க"ன்னேன்.